அழுதவரைத் தொட்டவள்

ஸ்ரீராம்புரத்தில் சின்னத்தாயி குடியிருந்த சந்தில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பெண்ணையும் தனியாக அழ விடமாட்டார்கள். அழுகைச் சத்தம் முதலில் யார் காதில் விழுகிறதோ, அவள் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தால் இறக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். போனவள் எதுவும் கேட்கக்கூடாது. முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்து, அழுகிறவளின் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு தானும் அழ வேண்டும். செத்தது யார், அடித்தது யார், ஓடிப்போனது யார் என்ற விசாரணையெல்லாம் மூச்சு அடங்கிய பிறகுதான்.

இதில் மதம் எதுவும் இல்லை. சந்தின் ஒரு பக்கத்து வீடுகளில் மாரியம்மன் படமும் மறுபக்கத்து வீடுகளில் புத்தர் படமும் மாட்டியிருந்தார்கள். இரண்டு பக்கத்துப் பெண்களும் இதைச் செய்தார்கள். எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பக்கத்து வீட்டு அழுகையைக் கேட்காததுபோல இருந்துகொள்ளும் வசதி அங்கே யாருக்கும் கிடையாது. இல்லாத அந்த வசதியிலிருந்து அவர்கள் ஒரு நாகரிகத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள்.

சின்னத்தாயி இதில் பேர் போனவள். மூன்று சந்து தள்ளி யாராவது விசும்பினாலும் இவள் செருப்பைத் தேடாமல் ஓடுவாள் என்று கேலி பேசுவார்கள். தண்ணீர்க் குழாயடியில் அவளோடு சண்டை போட்டவளும் மறுநாள் அவள் தோளில் சாய்ந்துதான் அழுதிருக்கிறாள்.

1994இல் அவள் கணவன் ராஜேந்திரன் இறந்தான். சாக்கடை அடைப்பை எடுக்க இடுப்பில் கயிறு கட்டி அவனைக் குழிக்குள் இறக்கினார்கள். கயிற்றை இழுத்தபோது உயிர் இல்லை. அவன் குடித்திருந்தான் என்று ஒப்பந்தக்காரர் சொன்னார். குடிக்காமல் அந்தக் குழிக்குள் இறங்கக்கூடியவர் யார் என்று அவரிடம் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. விதி என்று சொல்லிவிட்டுச் சிலர் மாலை போட்டார்கள். குழிக்குள் விஷவாயு இருக்கிறதா என்று காட்டும் கருவி கடையில் கிடைக்கிறது. அதை வாங்காமல் இருந்ததற்கு அவர்கள் வைத்த பெயர் விதி.

அன்றைக்குச் சந்துப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு அவளோடு அழுதார்கள். ஒருத்தி எழுந்தால் இன்னொருத்தி அந்த இடத்தில் உட்கார்ந்தாள். ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மகள் சுனிதாவை யாரோ மடியில் போட்டுக்கொண்டார்கள். அந்தக் கைகள் மட்டும் இல்லையென்றால் தானும் போயிருப்பேன் என்று சின்னத்தாயி பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

காரியம் முடிந்த சில நாட்களில் துப்புரவு மேஸ்திரி வெங்கடசாமி வந்தார். ராஜேந்திரனின் இடத்துக்கு வேறு ஆள் பிடித்துவிட்டதாகவும், அவளுக்கு வேண்டுமானால் தெரு கூட்டும் வேலை தருவதாகவும் சொன்னார். போகும்போது கதவோரம் நின்ற சுனிதாவைப் பார்த்து, பொண்ணு வளர்ந்ததும் அவள் பெயரையும் சேர்த்துவிடலாம் என்றார். அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. வாத்தியார் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து வாத்தியார் ஆவாயா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். ஆனால் வாத்தியார் பிள்ளை மாட்டேன் என்று சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

அந்த நிமிடத்திலிருந்து சின்னத்தாயிக்கு ஒரே ஒரு குறிதான் இருந்தது. சுனிதாவின் கைக்குத் துடைப்பம் வரக்கூடாது.

அவள் தெரு கூட்டிய பகுதி கண்டோன்மெண்ட் பக்கம். பெரிய மரங்கள் நிழல் கட்டிய ஒரு குறுக்குத் தெருவில் மேற்கத்திய இசை மன்றம் ஒன்று இருந்தது. மன்றத்துக்குச் சொந்தமாக ஓர் அரங்கமும், அதில் கறுப்பு மெருகு போட்ட பெரிய பியானோவும் இருந்தன. அரங்கத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்த பெண் ஓசூருக்குப் போய்விட, மேலாளர் சண்முகம் வாசலில் கூட்டிக்கொண்டிருந்த சின்னத்தாயியை உள்ளே கூப்பிட்டார். சண்முகம் அல்சூர்க்காரர். ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தமிழர். ராஜேந்திரன் எப்படிச் செத்தான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நாளைக்கே வந்துவிடு என்றார்.

அது அவள் வாழ்வில் நடந்த பெரிய மாற்றம். கூரைக்குக் கீழே வேலை. கையில் வெறும் தூசி. கழிப்பறை கழுவ வேண்டும்தான், ஆனால் அங்கே தண்ணீர் வந்தது, கையுறை கொடுத்தார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. சுனிதா பள்ளியை முடித்துக் காலேஜில் பி.யு.சி. சேர்ந்தது அந்தச் சம்பளத்தில்தான்.

கச்சேரி நாட்களில் அவளுக்கென்று ஓர் இடம் உண்டு. மேடையை ஒட்டிய பக்கவாட்டு நடையில், திரைக்குப் பின்னால் ஒரு முக்காலி. இடைவேளை முடிந்ததும் கழிப்பறைகளைக் கழுவ வேண்டும் என்பதால் வீட்டுக்குப் போக முடியாது. யார் கண்ணிலும் படவும் கூடாது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் பியானோவும் தெரியாது, வாசிப்பவரும் தெரியமாட்டார். திரையின் இடுக்கில் தெரிவதெல்லாம் முன் வரிசைகளில் உட்கார்ந்திருப்பவர்களின் முகங்கள்தான்.

ஆக, அவள் அங்கே வேலை பார்த்த ஆண்டுகளில் கச்சேரி என்று பார்த்தது முகங்களைத்தான். பியானோ சத்தம் ஆரம்பத்தில் அவளுக்கு எவர்சில்வர் பாத்திரங்களை மாடிப்படியில் உருட்டிவிட்டதுபோல இருந்தது. போகப்போகப் பழகியது, அவ்வளவுதான். அது அவளை உருக்கியது, அதில் தன் துயரத்தைக் கேட்டாள் என்றெல்லாம் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் பொய். அவளுக்குப் பியானோவில் ஒன்றும் தெரியவில்லை. முகங்களில்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மகளிடம் நடித்துக் காட்டுவாள்.

"முன்னால ஒரு பெருசு உக்காரும். பொட்டி அடிக்க ஆரம்பிச்சா கண்ண மூடிக்கும். ஆகா, இவருல்ல கேக்குறாருன்னு நானும் பாத்துனு இருந்தேன். அப்பறம் பாத்தா கொறட்டை. ஆனா முடிஞ்சதும் மொத கைதட்டு அதுதான்."

ஒருவர் தொடையிலேயே விரலால் வாசித்துக்கொண்டிருப்பார். ஓர் அம்மாள் பக்கத்தில் இருப்பவர் பெருமூச்சு விட்ட பிறகுதான் தானும் விடுவாள். சில பேருக்கு நிஜமாகவே கண் கலங்கும். கலங்கினால் உடனே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்கள், தூசி விழுந்ததுபோல. பக்கத்தில் இருப்பவர் அதைப் பார்த்தாலும் பார்க்காததுபோல மேடையையே பார்ப்பார். அந்த உலகத்தில் அதுதான் மரியாதை என்பது சின்னத்தாயிக்குக் கடைசிவரை புரியவில்லை.

"பக்கத்துல உக்காந்துனு இருக்கற மனுசி அழுவுது. என்னான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டாங்களா?" என்பாள்.

"பாட்டக் கேட்டு அழுவறதும்மா அது. வூட்டுக் கஷ்டத்துக்கு இல்ல" என்று சுனிதா விளக்குவாள்.

"வூட்டுல கஷ்டம் இல்லாமயா பாட்டுக்கு அழுகை வருது?"

அந்த முகங்களில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம் ஒன்று. மூன்றாவது வரிசையில் நடைபாதை ஓரமாக உட்காரும் அலர்மேல்மங்கை. மல்லேஸ்வரத்தில் வீடு. கணவர் பெரிய எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பியானோ கேட்கும் பழக்கம் அவருடையது, அம்மாள் துணைக்கு வருவார். இடைவேளையில் பெண்கள் கழிப்பறைக்கு வரும் சீமாட்டிகள் எல்லோரும் வாளியைத் தாண்டுவதுபோலச் சின்னத்தாயியைத் தாண்டிப் போவார்கள். அலர்மேல்மங்கை மட்டும் நின்று, "சாப்ட்டியோ?" என்று கேட்பார். பதிலுக்குக் காத்திருந்து கேட்டுவிட்டுப் போவார். அந்த ஒரு வார்த்தைக்காகச் சின்னத்தாயி அவரைத் தன் மனுஷியாக வைத்துக்கொண்டாள்.

1999இல் சில மாதங்கள் அந்த இரண்டு இருக்கைகளிலும் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அலர்மேல்மங்கை தனியாக வந்தார். தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்தார்.

அன்று வாசித்தது ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த நரைத்த தலைப் பெண்மணி. நிகழ்ச்சியின் முக்கியமான உருப்படி மூன்று பகுதிகள் கொண்ட நீண்ட சொனாட்டா. முதல் பகுதி வேகமாக ஓடி முடிந்தது. இரண்டாவது மெதுவானது. ஒரே சிறிய ராகத் துண்டு திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தணிந்து வரும். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் ஒருவர் மறுபடி மறுபடி ஆரம்பிப்பதுபோல இருக்கும் என்று அதைக் கேட்டவர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

திரை இடுக்கில் சின்னத்தாயி பார்த்துக்கொண்டிருந்தாள். அலர்மேல்மங்கையின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை, துடைக்கவும் இல்லை. நேராக உட்கார்ந்தபடி இருந்தார். தண்ணீர் தாடை வரை வந்து சேலையில் சொட்டியது. தோள் நடுங்கியது. வாயைத் திறக்காமல், சத்தத்தை உள்ளேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு, உடம்பு மட்டும் அழுதது. அந்தப் பக்கத்தில் கைப்பை. அதற்கு அடுத்து இருந்தவரும் பின்னால் இருந்தவரும் மேடையைப் பார்த்தபடி இருந்தார்கள்.

சின்னத்தாயி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். யாராவது திரும்புவார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒருவரும் திரும்பவில்லை. அந்த அம்மாள் பல்லைக் கடிப்பது தெரிந்தது.

அவள் எழுந்தாள். திரையை விலக்கினாள். முந்நூறு பேர் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில், பச்சைச் சீருடைச் சேலையோடு, வெறுங்காலோடு நடைபாதையில் நடந்து போனாள். மூன்றாவது வரிசையோரத்தில் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, அலர்மேல்மங்கையின் கழுத்தில் கையைப் போட்டாள். தன் நெற்றியை அவர் தோளில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அவர் விறைத்தார். ஒரு கணம் தள்ளிவிடுவதுபோலக் கை எழுந்தது. சந்து வழக்கப்படி இவள் எதுவும் கேட்டிருக்கக்கூடாது. ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"அய்யா எங்கம்மா?"

"போயிட்டார்டி" என்றார் அலர்மேல்மங்கை.

அதோடு உள்ளே பிடித்து வைத்திருந்தது விட்டுப்போயிற்று. எழுந்த கை சின்னத்தாயியின் முதுகை இறுக்கிப் பிடித்தது. அவர் ஓலமிட்டார். வாய்விட்டு, அடிவயிற்றிலிருந்து, கணவர் பெயரைச் சொல்லி அழுதார். அந்த அரங்கத்தின் மேல் கூரை எவ்வளவு துல்லியமாக ஒலியைக் கொண்டு சேர்க்கும் என்று மன்றத்தார் பெருமையாகச் சொல்வதுண்டு. அன்றைக்கு அது நிரூபணமாயிற்று.

பியானோ நின்றது. வாசித்த பெண்மணி கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருட்டுக்குள் பார்த்தார். டிக்கெட் கிழிக்கும் ஆட்கள் ஓடி வந்து சின்னத்தாயியை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அவள் இழுபட்டுப் போகும்போது அலர்மேல்மங்கை அவள் முந்தானையை விடவில்லை. யாரோ விரல்களைப் பிரித்து விட்டார்கள். இரண்டு சீமாட்டிகள் அம்மாளை அணைத்துப் பிடித்து வெளியே கூட்டிப்போய்க் காரில் ஏற்றினார்கள். ஓலம் எழுந்த பிறகுதான் அவர்களுக்குக் கைகள் முளைத்தன.

மெதுவான பகுதி மறுபடி முதலிலிருந்து வாசிக்கப்பட்டது. முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். என்ன நடந்தது என்று பியானோக் கலைஞர் கேட்டதற்கு, துப்புரவுப் பெண் ஒருத்திக்கு வலிப்பு வந்துவிட்டது என்று மன்றத்தார் சொன்னார்கள். அவர் வருத்தப்பட்டு, அந்தப் பெண்ணுக்குச் சிகிச்சை கிடைத்ததா என்று விசாரித்தாராம். மறுநாள் காலை விமானத்தில் போய்விட்டார். தன் வாசிப்பால் ஒரு மனுஷி இன்னொரு மனுஷியைப் போய்க் கட்டிப்பிடித்தாள் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பதில் பயனில்லை. அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்ட மன்றத்தார் அதை ஊகித்துத்தான் மறைத்திருக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் விமர்சனம் வந்தது. சொனாட்டாவின் இரண்டாம் பகுதி அவையினரைக் கண்ணீரில் நனைத்தது என்றும், ஊழியர் ஒருவரின் ஒழுங்கீனத்தால் நிகழ்ச்சி தடைப்பட்டது வருந்தத்தக்கது என்றும் ஒரே பத்தியில் எழுதியிருந்தார்கள். கண்ணீரில் இரண்டு சாதி. சென்ட் போட்ட கைக்குட்டையில் ஒற்றியெடுத்தால் அது ரசனை. தரையில் உட்கார்ந்து அழுதால் அது ஒழுங்கீனம். கண்ணீரின் உப்பை இந்த நாட்டில் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை, அது யாருடைய கன்னத்தில் ஓடுகிறது என்றுதான் பார்க்கிறார்கள்.

நடந்தது குற்றம் என்று சின்னத்தாயிக்குத் தோன்றவே இல்லை. கச்சேரிக்கு மறுநாள், திங்கட்கிழமை, வழக்கம்போல வந்து கூட்டித் துடைத்துப் பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றினாள். சண்முகம் அவளை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அதுவரை அவளை யாரும் அங்கே உட்காரச் சொன்னதில்லை. அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

அலர்மேல்மங்கையின் மகன் ஹரிஷ்குமார், சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவர், காலையிலேயே வந்துவிட்டுப் போயிருந்தார். தன் தாயை ஊர் பார்க்க அவமானப்படுத்திவிட்டார்கள் என்றும், அந்தப் பெண் இனி இந்த வளாகத்தில் இருந்தால் மன்றத்துக்குத் தன் கம்பெனி தரும் ஆதரவை நிறுத்த வேண்டியிருக்கும் என்றும் சொல்லியிருந்தார். கமிட்டி பத்து நிமிடத்தில் முடிவெடுத்துவிட்டது.

"நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லல, சின்னத்தாயி" என்றார் சண்முகம். மேசைக் கண்ணாடியைப் பார்த்தபடி பேசினார். "ஆனா தப்பு இல்லன்னு சொல்றதுக்கு நான் யாரு? நானும் இங்க வேலைக்காரன்தான்."

"அந்தம்மாவ ஒரு வார்த்த கேளுங்க சார். நான் என்னா செஞ்சேன்னு அவங்களே சொல்வாங்க."

"கேக்கக் கூடாதுன்னுதான் அவங்க மகன் சொல்லிட்டுப் போயிருக்காரு."

சண்முகம் நல்லவர். இந்த ஊரில் அநியாயம் நடந்த ஒவ்வோர் அறையிலும் இப்படி ஒரு நல்லவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். அவள் எழுந்து போகும்போது, எங்கேயாவது வேலை இருந்தால் சொல்லி அனுப்புகிறேன் என்றார். சொல்லி அனுப்பவில்லை.

சுனிதாவிடம் சொன்னபோது அவள் முதலில் கோபப்பட்டது அம்மா மீதுதான்.

"நீ ஏம்மா போய்க் கட்டிப்புடிச்ச? அது என்னா நம்ம சந்தா?"

"அழுவுறாங்கடி."

"அழுதா?"

"அழுதா போவணும்ல" என்றாள் சின்னத்தாயி. வேறு காரணம் அவளிடம் இல்லை.

அதற்குப் பிறகு அவள் மல்லேஸ்வரத்துக்குப் போனாள். ஸ்ரீராம்புரத்துக்கும் மல்லேஸ்வரத்துக்கும் நடுவில் ரயில் பாதை மட்டும்தான். நடந்தே போய்விடலாம். போகாதே, அந்தம்மா ஒன்றும் செய்யாது என்று சுனிதா சொல்லிப் பார்த்தாள். சின்னத்தாயி தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு போனாள். முந்தானையைப் பிடித்த அந்தக் கையை அவள் நம்பினாள்.

வீட்டைக் கேட்டுக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. சமையல்காரப் பெண் உள்ளே போய்ச் சொல்ல, அலர்மேல்மங்கை முன்கட்டுக்கு வந்தார். சின்னத்தாயியைப் பார்த்ததும் முகம் ஒரு நிமிடம் மலர்ந்தது. பிறகு உள்ளே திரும்பி யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். வாசல் படியில் இவளை உட்காரச் சொல்லி, தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

தான் இந்த வீட்டில் அழவே இல்லை என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். கணவர் போன அன்றைக்கு, அம்மா தைரியமா இருக்கணும் என்று மகன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னானாம். வந்தவர்கள் எல்லோரும், நீங்க எவ்வளவு ஸ்ட்ராங் என்று புகழ்ந்தார்களாம். அந்தப் புகழ்ச்சிக்குப் பிறகு எப்படி அழுவது என்று கேட்டார். அன்றைக்கு அந்தப் பியானோவைக் கேட்டதும், அதை அவர் எப்படிக் கேட்பார், எந்த இடத்தில் இவர் முழங்கையைத் தொடுவார் என்பதெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது என்றார். இன்னும் ஏதேதோ சொன்னார். சின்னத்தாயி கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு தன் விஷயத்தைச் சொன்னாள். வேலை போய்விட்டது, ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொண்ணு படிக்கிறாள்.

"ஹரிஷ்கிட்ட சொல்லிப் பாத்தேன்" என்றார் அலர்மேல்மங்கை. "அவளாத்தான் வந்து விழுந்தா, வலிப்புன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கோம். அம்மா, இப்ப நீ போய் மாத்திச் சொன்னா, கத்தினது நீதான்னு ஆயிடும், எங்க மானம் போயிடும்கறான். நான் என்ன பண்ணுவேன், சொல்லு. இந்த ஆத்தையே வித்துட்டு அவனோட ஃப்ளாட்டுக்கு என்னை அழைச்சிண்டு போகப்போறான். எனக்குன்னு என்ன இருக்கு?"

அவர் பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவருடைய பேச்சுக்கு விலை கிடையாது என்பது உண்மைதான். கணவன் போன மறுநாளே பெண்ணை வீட்டுச் சாமான்களில் ஒன்றாக்கிவிடும் குடும்பங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அவருடைய கையாலாகாத்தனத்துக்கு மேலே ஒரு கூரை இருந்தது. எதிரே படியில் உட்கார்ந்திருந்தவளுடையதற்கு அதுவும் இல்லை.

சமையல்காரப் பெண் காபி கொண்டுவந்தாள். ஒன்று எவர்சில்வர் டம்ளரில். இன்னொன்று குடித்துவிட்டுத் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் கோப்பையில். அலர்மேல்மங்கை அதைப் பார்த்தார். பிறகு தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சின்னத்தாயி காபியைக் குடித்தாள். கோப்பையைத் தானே எடுத்துக்கொண்டு எழுந்தாள். கேட்டைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாள். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து மறுபடி தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை சின்னத்தாயி போகவில்லை.

சந்துக்குத் திரும்பியபோது மேஸ்திரி வெங்கடசாமி குழாயடியில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அவருக்குச் செய்தி வந்துவிட்டிருந்தது.

"இன்னா சின்னத்தாயி, பெரிய எடத்துல போய் ஒப்பாரி வெச்சியாமே" என்று சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "கெலசா வேணும்னா இருக்குது, கூட்டற வேலை. ஆனா முன்ன மாதிரி இல்ல. இப்போ கூடை கெடையாது, தள்ளுவண்டி. ஒருத்தி கூட்டி அள்ளணும், ஒருத்தி தள்ளணும். ஜோடி இருந்தாத்தான் வண்டி குடுப்பேன். பொண்ணக் கூட்டினு வா."

பொண்ணு படிக்கிறது என்றாள் சின்னத்தாயி. படிக்கட்டுமே, யார் வேண்டாம் என்றது, விடியலில் வேலையை முடித்துவிட்டுக் காலேஜுக்குப் போகலாம் என்றார் மேஸ்திரி.

அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வேறு வழிகள் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தாள். கார்மென்ட் கம்பெனியில் அவள் வயதுக்கு எடுக்கமாட்டோம் என்றார்கள், மகளை எடுப்போம் என்றார்கள். அங்கே போனால் காலை முதல் இருட்டும்வரை, படிப்பு அன்றோடு சரி. வீட்டு வேலைக்கு மல்லேஸ்வரத்தில் விசாரித்தாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு, ஏற்கனவே ஆள் இருக்கிறது என்றார்கள். ஜோடிக்கு வேறொருத்தியைப் பிடிக்கப் பார்த்தாள். சந்தில் இருந்த எல்லோருக்கும் ஏற்கனவே ஜோடி இருந்தது. அவளுக்காக அழ வரத் தயங்காத அந்தப் பெண்கள், அவளுக்காகத் தங்கள் ஜோடியை விட்டுவர முடியாது. அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும்.

அரிசி தீர்ந்த வாரத்தில் சுனிதாவே பேச்சை எடுத்தாள்.

"காலேல போனா எட்டு மணிக்குள்ள முடிஞ்சிடும்மா. அப்பறம் நான் காலேஜ் போயிடறேன். ஒரு ரெண்டு மாசம். யாருக்கும் தெரியாது."

சின்னத்தாயி மாட்டேன் என்றாள். தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டாள். ஆனால் மறுநாள் மேஸ்திரியிடம் போய்ப் பெயரைச் சொன்னது அவள்தான்.

முதல் நாள் மகள் வண்டியைத் தள்ளினாள், தாய் கூட்டி அள்ளினாள். சுனிதா துப்பட்டாவை மூக்கு வரை இழுத்துக் கட்டியிருந்தாள், தூசிக்கு என்று சொல்லிக்கொண்டு. துடைப்பத்தை அவள் கைக்குப் போகவிடாமல் சின்னத்தாயி கடைசிவரை தானே வைத்திருந்தாள். நடைமுறையில் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை என்று அவளுக்கே தெரியும். எட்டு மணிக்கு முடியவில்லை. வண்டி நிறைந்த பிறகு அதைக் கொட்டும் இடத்துக்குத் தள்ளிப்போக வேண்டும், அங்கே வரிசை. காலேஜ் பஸ் நிறுத்தத்தைத் தாண்டித்தான் வழி. நிறுத்தத்தில் புத்தகங்களோடு சில பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி சுனிதாவையே பார்த்தாள். பார்த்துவிட்டு, பார்க்காததுபோல ரோட்டைப் பார்த்தாள். நல்ல பெண், மரியாதை தெரிந்தவள்.

அன்று சுனிதா காலேஜுக்குப் போகவில்லை. குழாயடியில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், முகர்ந்து பார்த்து மறுபடி கழுவினாள். மத்தியானம் சின்னத்தாயி ரசம் வைத்துச் சோறு போட்டாள். சுனிதா தட்டின் முன்னால் உட்கார்ந்து, பிசைந்து, ஒரு வாய் எடுத்தாள். கை பாதியில் நின்றது.

முதுகு நேராக இருந்தது. வாய் மூடியிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கித் தாடையிலிருந்து சோற்றில் சொட்டியது. தோள் மட்டும் நடுங்கியது. ஒரு சத்தமும் இல்லை.

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர் வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஒருவரும் ஓடி வரவில்லை. சத்தம் போடாத அழுகைக்கு வழக்கம் எதுவும் அந்தச் சந்தில் இருக்கவில்லை.

சின்னத்தாயி இப்படி ஓர் அழுகையை இதற்கு முன்னால் ஒரே ஒருத்தியிடம்தான் பார்த்திருந்தாள். தொட்டால் அது என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தொட்டால் உடைந்துவிடும். உடைந்தால் இந்தப் பெண் ஓலமிடுவாள், ஊரைக் கூட்டுவாள், இனி போகமாட்டேன் என்பாள். நாளை விடியலில் மேஸ்திரி வண்டியோடு நிற்பார், ஜோடி இல்லாவிட்டால் வேறு ஜோடிக்குக் கொடுத்துவிடுவார்.

அவள் கை எழுந்தது. மகளின் கழுத்து வரை போனது.

பிறகு அந்தக் கை கரண்டியை எடுத்தது. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றி, தட்டை மகள் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, சின்னத்தாயி சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.